ஹவ்வா தாத்தாவின் மூன்றாவது நிக்காஹ்

ஜூன் 5

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். துவைத்தது எதுவும் காயவில்லை. அறைக்குள் கொடி கட்டி, ஈரத்துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராஹிதூவுக்கு வந்து நான்கு மாதமாகிறது. மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள். கடல் பார்க்க பஸ் ஏற வேண்டும். இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் கடல் எதிரே வந்து நின்று, போதும் திரும்பு என்கிறது. மாலத்தீவு என்று ஒரே பேராகச் சொல்லிவிடுகிறோம். அது இப்படிச் சிதறிக் கிடக்கும் மணல்திட்டுகள்தான். வகுப்பில் வரைபடத்தை விரித்து, நம் தீவைக் காட்டுங்கள் என்றால் பிள்ளைகள் பென்சிலை வைக்கிறார்கள். பென்சில் முனை தீவைவிடப் பெரிது.

அந்த முனையும் இனி வேண்டாமாம். சுனாமிக்குப் பிறகு கிணறெல்லாம் உப்பாகிவிட்டது, கிழக்குக் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. மழைநீர்த் தொட்டிதான் குடிக்க. போன வருடமே ஓட்டெடுத்து முடிவு செய்துவிட்டார்கள். வரும் ஜனவரியில் ஊர் மொத்தமும் பெரிய தீவுக்குக் குடிபோகிறது. அங்கே துறைமுகம், ஆஸ்பத்திரி, புது வீடுகள் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடமும் போகிறது. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. போகலாம், அல்லது ஊர் திரும்பலாம்.

நான் வாடகைக்கு இருப்பது ஹவ்வா தாத்தா வீட்டில். வந்த அன்று, தாத்தா வீடு என்று சொன்னதும் தாடி வைத்த பெரியவர் ஒருவரைத் தேடினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். திவேஹி மொழியில் தாத்தா என்றால் அக்கா.

ஜூன் 10

இந்த வீட்டின் நடைமுறை எனக்கு இப்போதுதான் பிடிபட்டது.

தினமும் சாயங்காலம் இத்ரீஸ் மானிக் என்பவர் வாசலில் சூரை மீன் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார். தோணி வைத்து மீன் பிடிப்பவர். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஹவ்வா தாத்தா அதை வெட்டி, கருதியா என்று அவர்கள் சொல்லும் தெளிந்த மீன்சாறு வைத்து, ரொட்டி சுட்டு, பாதியை மூடிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறாள். பக்கத்து வீடு இத்ரீஸுடையது. தூக்கிக்கொண்டு போவது நான்.

"அவர் உங்களுக்கு யாரு?" என்று என் அரைகுறை திவேஹியில் இன்று கேட்டுவிட்டேன்.

"புருஷன்" என்றாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ரெண்டு தடவை."

"ரெண்டு தடவைன்னா?"

"ரெண்டு தடவை கல்யாணம். ரெண்டு தடவை தலாக்."

எங்கள் ஊரில் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ரொட்டி சுட முடியாது. இங்கே அது சாதாரணமாம். கோபத்தில் பிரிவார்கள், கோபம் ஆறினால் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். முதல் தடவை எதற்குப் பிரிந்தீர்கள் என்றேன். யோசித்துப் பார்த்தாள், நிஜமாகவே ஞாபகமில்லை என்றாள்.

இரண்டாவது தடவை எதற்கு என்று கேட்டதற்கு, "டீச்சர், சூடு ஆறுது, கொண்டுபோய்க் குடுங்க."

ஜூன் 13, வெள்ளி

போன் அடித்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24

இத்ரீஸ் பேபேக்குத் தமிழ் தெரியும்! பேபே என்றால் அண்ணன். வாலிபத்தில் தூத்துக்குடியிலிருந்து மாலேக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றி வரும் சரக்குத் தோணியில் வேலை பார்த்திருக்கிறார். தட்டை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டாச்சா டீச்சர்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இந்த ஒரு வார்த்தைக்கு.

"எங்க தோணியும் உங்க தோணியும் ஒண்ணு" என்றார். அவர்களுக்கும் படகு தோணிதான். நம் ஊரில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு இங்கிருந்து போவதுதான். அந்தக் காலத்தில் இந்தத் தீவுகளில் பொறுக்கிய சோழி வங்காளம்வரை காசாகப் புழங்கியது. ராஜராஜ சோழன் பன்னீராயிரம் தீவுகளைப் பிடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது, அது இந்தத் தீவுகள்தான் என்கிறார்கள் என்று நான் டீச்சராக மாறிச் சொன்னேன்.

"பன்னெண்டாயிரமா? யாரு எண்ணினது?" சிரித்தார். "இங்க ஒரு மழைக்காலத்துல நாலு மணல்திட்டு வரும், அஞ்சு போகும். ராஜாவுக்குக் கணக்கு சொன்னவன் கரையில உட்காந்தே சொல்லியிருப்பான்."

திரும்பி வந்ததும் ஹவ்வா தாத்தா கேட்டாள், "எதுக்குச் சிரிச்சார்?" ஜன்னல் வழியே காது கொடுத்திருக்கிறாள். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளும் சிரித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

நோன்பு மாதம். பகலில் தீவு மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. நான் நோன்பில்லை. ஆனாலும் தாத்தாவுக்கு முன்னால் சாப்பிட மனம் வராமல் பிஸ்கட்டை அறைக்குள் வைத்துத் தின்றேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "திருடி மாதிரி எதுக்கு? நோன்பு எனக்கு, வயிறு உனக்கு" என்று ஒரு தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். எப்போது 'நீ'க்கு வந்தாள் என்று கவனிக்கவில்லை.

"உன் புருஷன் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுறார். நீ எடுக்கிறதே இல்ல."

"சிக்னல் சரியில்ல தாத்தா."

"இங்க டவர் நம்ம வீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 5

பெரிய தீவில் யாருக்கு எந்த வீடு என்று தீவு ஆபீஸில் ஒட்டியிருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒன்று. சட்டப்படி ஹவ்வா ஒரு குடும்பம், இத்ரீஸ் ஒரு குடும்பம். அவளுக்கு மசூதி அருகே. அவருக்கு மறுகோடியில், துறைமுகத்தை ஒட்டி. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். மகன் ரிசார்ட்டில், மகள் மாலேயில். அவர்களுக்கு இதில் பங்கில்லை.

தாத்தா பட்டியலை இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்கு வந்து மீனை வெட்டும்போது, "அவ்வளவு தூரம் எடுத்துட்டுப் போனா சாறு ஆறிடும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, மீனிடம் சொன்னாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

காய்ச்சல். தாத்தா தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். படுத்துக்கிடக்கும் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைப்பதில் அவளுக்குப் பழக்கமில்லை. நானே சொல்லிக்கொடுத்தேன்: தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "எங்க கத்துக்கிட்டே?" என்றாள். மாமியாரை ஆறு வருடம் பார்த்தேன், பக்கவாதம் என்றேன். அவங்க இப்ப எப்படி இருக்காங்க என்று கேட்டாள். தூக்கம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 12

நேற்று விடியும் நேரம். கால் நனைந்து எழுந்தேன். அறைக்குள் தண்ணீர், அதில் என் செருப்பு மிதந்துபோகிறது.

பௌர்ணமி ஏற்றத்தோடு பெரிய அலையும் சேர்ந்து கடல் கிழக்குக் கரையைத் தாண்டிவிட்டது. உதா என்கிறார்கள். சுனாமி மாதிரி மோதவில்லை. வந்தது, நின்றது, ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஓரடி எடுத்து வைக்க முடியாமல் கட்டில்மேல் நின்றேன். தாத்தா அரிசியையும் மாசியையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பயப்படாதே, பயப்படாதே என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஒரே மூட்டையை இரண்டு தடவை ஏற்றினாள்.

அப்போது வெளியே, "ஹவ்வா! ஹவ்வா!"

நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவர் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டதில்லை. தொடை ஆழத் தண்ணீரில் இத்ரீஸ் பேபே வந்தார். கதவு வீங்கித் திறக்கவில்லை. தோளால் மோதித் திறந்தார். ஒரு கையில் தாத்தாவையும் மறு கையில் என்னையும் பிடித்துப் பள்ளிக்கூட மாடிக்குக் கூட்டிப்போனார். ஊரில் பாதி ஏற்கெனவே அங்கே இருந்தது.

மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. அவருடைய தோணி பவளப்பாறைமேல் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது.

"உன் தோணி" என்றாள் தாத்தா.

"தெரியும்."

"கயிறு அறும்போது நீ எங்க இருந்தே?"

"உன் வாசல்ல."

தாத்தா அவர் நெஞ்சில் கையால் அடித்தாள், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. "அன்னைக்கு வரல! சுனாமி அன்னைக்கு ரெண்டு பிள்ளைகளைத் தென்னமரத்துல முக்காட்டுத் துணியால கட்டிட்டு உன் வழியைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ அடுத்த தீவுக்காரங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கிட்டிருந்தே. மறுநாள் வந்தே. இன்னைக்கு எதுக்குத் தோணியை விட்டுட்டு ஓடி வர்றே?"

என் திவேஹிக்கு அவ்வளவும் புரிந்தது. பேபே சொன்ன பதிலும் புரிந்தது. சத்தமில்லாமல் சொன்னார்.

"அன்னைக்கு வயர்லெஸ்ல கேட்டேன். ஹவ்வா எப்படி இருக்கான்னு உன் பேரைச் சொல்லித்தான் கேட்டேன். மூணு பேரும் நல்லா இருக்காங்க, அவ மசூதியில எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக்கிட்டிருக்கான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்தத் தீவுக்காரங்களை ஏத்தினேன். இடுப்பு ஒடிஞ்ச ஒரு பொண்ணு இருந்தா."

தாத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நான் கரையில கால் வைக்கும்போதே, உனக்கு ஊரார்தான் பெருசுன்னு சொல்லிட்டே. நான் உன்னைப் பத்தி விசாரிச்சிருக்கவே மாட்டேன்னு நினைக்கிறவகிட்ட என்ன சொல்றது? கோபம் வந்துது. வேற ஒண்ணைச் சொல்லிட்டேன்."

அந்த வேறு ஒன்றுதான் இரண்டாவது தலாக்.

பத்து வருடம் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் இந்த ஒரு பேச்சு நின்றிருக்கிறது. தாத்தா தலையில் போட்டிருந்த துணியை எடுத்துப் பிழிந்தாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்துப் பிழிந்துவிட்டாள்.

செப்டம்பர் 13

தண்ணீர் வடிந்துவிட்டது. வீடெல்லாம் மணல். மழைநீர்த் தொட்டியிலும் உப்பு இறங்கிவிட்டது. பெரிய தீவிலிருந்து படகில் குடிநீர் வருகிறது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. பேபேயின் தோணி விறகாகிவிட்டது.

மத்தியானம் டவர் சரியானது. என் போன் நனையவில்லை. அடித்தது. எடுத்தேன்.

"உயிரோட இருக்கியா பிள்ளே?" என்றார் டென்னிசன், என் வீட்டுக்காரர்.

"இருக்கேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. டி.வி.யில் பார்த்தாராம். நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. பின்னால் தேனீக்களின் ரீங்காரம் கேட்டது. பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். எங்களுக்குத் தேனீ வளர்ப்புதான் தொழில்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆறு வருடம் மாமியைக் குளிப்பாட்டி, ஊட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தது நான்தான். என் தங்கை கல்யாணத்துக்கு ஒரே ஒரு ராத்திரி போனேன். அந்த ராத்திரியே மாமி போய்விட்டார்கள். ஓடி வந்து வாசலில் கால் வைக்கும்போது எல்லார் முன்னாலும் இவர் சொன்னார்: "இனி உனக்கு நிம்மதிதானே."

நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இத்ரீஸ் பேபே தன் அக்கா மகனின் தோணியில் போகிறார். மீன் வருகிறது, கருதியா போகிறது. ஆனால் மூன்று நாளாகத் தட்டை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.

"டீச்சர், ஹவ்வாகிட்ட ஒண்ணு கேக்கணும். பெரிய தீவுல ஒரே வீடா வாங்கிக்கலாமான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"மீன் தட்டு மட்டும்தான் நான் தூக்குவேன் பேபே. இதை நீங்களே கொண்டு வாங்க."

வந்தார். குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். நான் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருக்கலாம்.

தாத்தா சொன்னாள், "இது மூணாவது. இதுக்கப்புறம் ஒரு தடவை உனக்குக் கோபம் வந்தா முடிஞ்சுது. மூணாவது தலாக்குக்கு அப்புறம் திரும்பக் கட்டிக்க முடியாது. இப்ப பக்கத்து வீடாவது இருக்கு."

"இனி கோபம் வந்தா வாயைத் திறக்கமாட்டேன். சத்தியம்."

"வாயைத் திறக்காமதானே பத்து வருஷம் போச்சு!" தாத்தாவின் குரல் உடைந்தது. "திட்டு. கத்து. சோத்துத் தட்டை வீசு. ஆனா உள்ள இருக்கிறதைச் சொல்லிடு. அப்படின்னா வர்றேன்."

பேபே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு, "உன் கருதியாவுல உப்பு எப்பவுமே கம்மி" என்றார்.

"பத்து வருஷமா சொல்லலையே!"

"இப்ப சொல்றேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து கேட்டது. நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

தீவு ஆபீஸில் நிக்காஹ். காஜி பெரிய தீவிலிருந்து படகில் வந்தார். மகனும் மகளும் வந்திருந்தார்கள். தாத்தாவுக்கு என் பட்டுச்சேலையை முக்காடாகப் போடக் கொடுத்தேன். மணப்பெண் இருபது வயதுக்காரி மாதிரி வியர்த்தாள். இரவல் வாங்கிய கோட் பேபேக்குத் தோளில் இறுக்கம். காஜி எழுதிக்கொண்டே, "இத்தோட நிறுத்திக்குவீங்களா?" என்றார். ஊரே சிரித்தது.

வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தேன். பிறகு போன் செய்தேன். நானாக.

"ஜனவரியில நாங்க பெரிய தீவுக்குப் போறோம்" என்றேன். "இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சரி" என்றார். வேறு என்ன சொல்லுவார்.

"நீங்க வந்து பாக்கணும்னா வரலாம்."

"கடலா?" என்றார். குளச்சலில் கரையில் நின்று பார்த்தாலே தலை சுற்றும் ஆள்.

"கடல்தான். வேற வழி கிடையாது."

ஜனவரி 4

ராஹிதூவைக் காலி செய்தோம்.

ஜன்னல், கதவு, தகரம் எல்லாம் கழற்றிப் படகில் ஏற்றிவிட்டார்கள். கோழிகள் கூடையில். பூனைகள் பிடிபடவில்லை. பவளக்கல் மசூதியைப் பெண்கள் கடைசியாகப் பெருக்கிவிட்டு வந்தார்கள். இனி தொழ யாருமில்லாத இடத்தை எதற்குப் பெருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கபுருஸ்தானில், அதாவது அடக்க இடத்தில், ஒவ்வொருவரும் அவரவர் ஆட்களிடம் போய் நின்றார்கள். தாத்தா தன் உம்மாவின் கல்லில் கைவைத்து, சந்தைக்குப் போய்வருகிறேன் என்பது போல ஏதோ சொன்னாள்.

இன்று கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. படகு நகர்ந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் தீவு சின்னதாவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். முதலில் வீடுகள் போயின, பிறகு தென்னைகள் ஒரே பச்சைக் கோடாயின. ஒரு சிறுமி, "டீச்சர், இனி மேப்ல இது இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்கும், நாம்தான் அதில் இருக்கமாட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இருக்கும் மக்ளே" என்று மட்டும் சொன்னேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்ததுபோலத்தான் இருந்தது.

தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. பேபேதான் பார்த்துக்கொண்டே வந்தார். தாத்தா அவர் கன்னத்தைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி

டென்னிசன் வந்துவிட்டார்.

மாலேயிலிருந்து படகில் வந்தவரை, இறங்கும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வழியெல்லாம் வாந்தி. பைக்குள் தேன் பாட்டில் உடைந்து, கொண்டுவந்த சட்டையெல்லாம் பிசுபிசு. துறைமுகத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். வயிற்றில் மிச்சமிருந்ததும் வந்தது.

"ஒரு வருஷமா இதுக்குள்ளயா கிடக்கே?" என்றார், கடலைக் காட்டி.

பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்திருக்கும் ஒற்றை அறைக்குக் கூட்டிவந்து பாலில்லாத கட்டன்சாயாவில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். குடித்தார். கோப்பையைக் கீழே வைக்காமல் பேசினார்.

"அம்மை போறதுக்கு முன்ன கொஞ்சம் தெளிஞ்சா. நான் கையைப் பிடிச்சிட்டு இருந்தேன். 'சுகிர்தா எங்க, சுகிர்தாவக் கூப்பிடு'ன்னா. நான்தாம்மா, உன் மகன்னு சொன்னேன். என்னை யாருன்னு தெரியல பிள்ளே. கடைசி வரை உன்னத்தான் கேட்டா."

வெளியே யாரோ மாசி காயவைக்கும் வாசனை.

"நீ வந்து வாசல்ல நின்னப்போ எனக்கு அதுதான் தெரிஞ்சுது. அவ கேட்டது உன்ன, என்னையில்ல. அதச் சொல்ல முடியல. வேற ஒண்ணு வாயில வந்துட்டு."

மாமி என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வருடமும் எனக்கு அது தெரியாது. அழுதேன், மாமிக்காக. அடக்கத்தன்று நான் அழவில்லை, அந்த ஒரு வார்த்தை அதைத் தடுத்துவிட்டது. அவர் கோப்பையை வைத்துவிட்டு என் காலுக்குப் பக்கத்தில், தரையில் வந்து உட்கார்ந்தார்.

"அத நான் வந்த அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கணும்" என்றேன் கடைசியில்.

"சொல்லியிருக்கணும்."

"இனி சொல்லணும். கோபமா இருந்தாலும்."

"சரி" என்றார். "அப்ப இப்பவே ஒண்ணு. இந்தச் சாயாவுல இஞ்சி கூடிப்போச்சு, தொண்டை எரியுது."

சாயங்காலம் ஹவ்வா தாத்தாவும் பேபேயும் அவரைப் பார்க்க வந்தார்கள். பேபே தூத்துக்குடித் தமிழில் நலம் விசாரித்தார். இவர் திகைத்துப்போய், மாலத்தீவுக்காரரிடம் ரப்பர் விலை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா அறையைச் சுற்றிப் பார்த்தாள். என் ஒற்றைக் கட்டிலைப் பார்த்தாள். என்னை வெளியே இழுத்து, "எங்க வீட்ல ஒரு கட்டில் சும்மா கிடக்கு. இத்ரீஸைத் தூக்கிட்டு வரச் சொல்லவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் தாத்தா, இதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.